ஓணான் எப்போது ஓடும்?

தோட்டத்தில் ஓணானைப் படம் எடுக்கப் போனவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "கிட்டே போனாலே ஓடிடுது." இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அடுத்ததும் வரும். அதே ஓணான் காலையில் கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் இருபதடி தள்ளி நிற்கும்போதே மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. உடனே கேமராவின் மேல் சந்தேகம் வந்து, இன்னும் பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கொஞ்சம் சரியாகும்தான். ஆனால் ஓணானிடம் இரண்டு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது: ஒன்று சூட்டுக் கணக்கு, இன்னொன்று தூரக் கணக்கு. இந்த இரண்டும் பிடிபட்டால் கையில் இருக்கிற போனே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஓணான் என்று தொடங்கினாலும் பேச்சு அதோடு நிற்காது. தோட்டத்தில் கண்ணில் படுகிற சிறிய பல்லியினங்கள் பொதுவாக மூன்று விதம். பகலில் வேலியிலும் மரத்தண்டிலும் உட்கார்ந்து தலையாட்டும் ஓணான்கள். சருகுக்குள் சரசரவென்று ஓடி மறையும் அரணைகள். பொழுது சாய்ந்தபின் விளக்கடிக்கு வரும் பல்லிகள். உலகம் முழுக்க இதுவரை 7000-க்கும் மேற்பட்ட பல்லியினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு வருபவை அதில் சொற்பம். ஆனால் அவை ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை என்பதால், உட்கார்ந்து பார்க்க இவற்றைவிட வசதியான காட்டுயிர் வேறு கிடைப்பது கஷ்டம். பயப்படவும் எதுவும் இல்லை. 'அரணை கடித்தால் மரணம்' என்பதில் எதுகை மட்டும்தான் சரியாக இருக்கிறது. அரணைக்கு விஷமே கிடையாது.

சூட்டுக் கணக்கு

பல்லியினங்கள் உடல் சூட்டை உள்ளிருந்து பெரிதாக உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலிலிருந்தும், சூடேறிய கல்லிலிருந்தும் வாங்கிக்கொள்கின்றன. அதற்காக அவை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சில பாலைவன இனங்களின் உடம்பு பகலில் நம் உடம்பைவிடச் சூடாக இருக்கும். ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1944இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வெயிலுக்கும் நிழலுக்குமாக மாறி மாறி நகர்ந்தே இந்தப் பிராணிகள் தங்கள் உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்திக்கொள்கின்றன. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நமக்குத் தெரிகிற ஓணான், உண்மையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காலைப்பொழுதை முழுதாகப் பார்த்தால் இது புரியும். முதல் வெயில் விழும் இடத்துக்கு ஓணான் வரும்போது அதன் நிறம் மங்கிக் கறுத்திருக்கும். கறுத்த தோல் வெயிலை அதிகம் வாங்கும். முதுகை வெயிலுக்கு நேராகத் திருப்பி, விலா எலும்புகளை விரித்து, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு படுக்கும். கண் பாதி மூடியிருக்கும். சூடேற ஏற நிறம் வெளுக்கத் தொடங்கும், தலை நிமிரும், முன்னங்கால்கள் உடம்பைத் தரையிலிருந்து தூக்கும். அப்புறம்தான் எறும்பைத் துரத்துவது, பக்கத்து ஓணானை முறைப்பது எல்லாம். வெயில் உச்சிக்கு ஏறியதும் தலையை வெயில் பக்கம் நேராக வைத்து, உடம்பில் படுகிற வெயிலைக் குறைக்கும். சில நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும். கடைசியில் நிழலுக்குப் போய்விடும். எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து, அடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தட்டையாகப் படுத்திருப்பது இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். வாய் திறந்திருப்பது கிளம்பப்போகிறது.

காலையில் ஓணான் அசடாக இருக்கும், சுலபமாக நெருங்கலாம் என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. ஸ்டான்லி ராண்ட் என்பவர் அனோல் என்ற அமெரிக்கப் பல்லியினம் ஒன்றை ஆராய்ந்து 1964இல் எழுதியது இதற்கு நேர் எதிரானது: உடம்பு குளிர்ந்திருக்கும்போது அந்த இனம் ஆளைக் கண்டு இன்னும் தொலைவிலேயே ஓடிவிடுகிறது. கால் வேகமாக ஓடாது என்பதால் சீக்கிரமே கிளம்ப வேண்டியிருக்கிறது. ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு அகமா இனங்களைப் பற்றி 1982இல் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. குளிர்ந்த உடம்போடு இருந்தவை ஓடாமல் நின்று வாயைத் திறந்து கடிக்க வந்தன. சூடான பின் ஓட்டம் பிடித்தன. ஆக, குளிர்ந்த நேரத்தில் எது என்ன செய்யும் என்பது இனத்துக்கு இனம் மாறும். காலையின் உண்மையான லாபம் வேறு: எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும், வந்தால் நீண்ட நேரம் இருக்கும். அதனால் ஓணானைத் தேடிப் போவதைவிட, முதல் வெயில் விழும் கல்லையோ கட்டையையோ முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொண்டு, அது வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. ஏற்கெனவே அங்கே அசையாமல் இருக்கிற உருவத்தைவிட, புதிதாக வந்து சேர்கிற உருவம்தான் ஓணானுக்குப் பிரச்சினை.

தூரக் கணக்கு

ஓடுவதற்கு ஒரு விலை உண்டு. ஓடினால் வெயில் காய்வது போச்சு, கண்ணில் பட்ட பூச்சி போச்சு, இத்தனை நேரம் காத்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். ஓடாமல் இருந்தால் உயிரே போகலாம். ஆபத்து நெருங்க நெருங்க, இருப்பதால் வரும் நஷ்டம் ஓடுவதால் வரும் நஷ்டத்தைத் தாண்டுகிற புள்ளியில் விலங்கு ஓடத் தொடங்குகிறது. ரான் ஈடன்பர்க், லாரன்ஸ் டில் இருவரும் 1986இல் எழுதிய இந்தக் கருத்து, அதன்பிறகு பல்லியினங்களில்தான் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது. காரணம் எளிது: நின்ற இடத்தில் நிற்கும், நடந்து போய்த் தூரத்தை அளந்துவிடலாம்.

அந்தச் சோதனைகள் சொன்னவை படம் எடுப்பவருக்கு அப்படியே பயன்படும். வேகமாக வருகிற ஆளுக்கு முன் சீக்கிரம் ஓடுகின்றன. நேராகத் தன்னை நோக்கி வருபவரைவிட, பக்கவாட்டில் கடந்து போகிறவரைக் கிட்டே விடுகின்றன. பல இனங்களில், உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தால் தூரம் கூடுகிறது. ஒளிய இடம் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கின்றன. அது தள்ளி இருந்தால் சீக்கிரமே கிளம்புகின்றன. கடைசியாகச் சொன்னதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. நல்ல வெளிச்சக் கோணம் தேடிப் போகும்போது ஓணானுக்கும் அதன் மரத்துக்கும் நடுவில் போய் நின்றுவிடுவோம். அதன் பார்வையில் அது வழிமறிப்பு. முதலில் அது எந்தப் பொந்துக்கோ மரத்துக்கோ ஓடும் என்று கண்டுபிடித்து, அந்த வழியைத் திறந்து விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக, வேறெங்கோ பார்த்தபடி நகர்ந்தால் வேலை நடக்கும்.

மரத்தில் இருக்கிற ஓணான் ஓடுவதில்லை, சுற்றிக்கொள்ளும். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தண்டின் அந்தப் பக்கம் போய், தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். இந்த ஆட்டத்தில் ஒற்றை ஆள் ஜெயிக்க முடியாது. இன்னொருவரை மெதுவாக அந்தப் பக்கம் நடக்கச் சொன்னால் போதும். ஓணான் தானாகவே உங்கள் பக்கம் வந்துவிடும். நீங்கள் மட்டும் அசையாமல் இருக்க வேண்டும்.

சட்டை நிறமும் கணக்கில் வருமா? வரும், ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் அல்ல. பிரீ புட்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கலிஃபோர்னியாவில் வேலிப் பல்லி என்ற இனத்திடம் வெவ்வேறு நிற டீ-ஷர்ட் போட்டு நடந்து பார்த்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். அடர்நீல ஷர்ட் போட்ட ஆளை அவை கிட்டே வரவிட்டன. சிவப்பு ஷர்ட்டைக் கண்டு தொலைவிலேயே ஓடின. அந்த இனத்தின் வயிற்றிலும் தொண்டையிலும் இருப்பது நீல நிறம். தன் இனத்தின் அடையாள நிறம் அவற்றை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பின்னர் கோஸ்டா ரிகாவில் ஆரஞ்சுத் தொண்டையுள்ள நீர் அனோல்களிடம் ஆரஞ்சு ஷர்ட்டோடு போனபோதும் அதே மாதிரி நடந்தது. பச்சை இராணுவச் சட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இலைகளுக்கு நடுவே நாம் மறைந்துவிட்டோம் என்று நமக்குத்தான் தோன்றும். நகரும் உருவம் ஓணானுக்கு எந்தச் சட்டையிலும் தெரியும்.

இன்னொரு விஷயம், நிழல். ஓணான், அரணை உள்ளிட்ட பல இனங்களின் உச்சந்தலையில், செதிலுக்கு நடுவே ஒரு புள்ளி தெரியும். மூன்றாவது கண் என்றே சொல்லலாம். உருவம் பார்க்காது, வெளிச்சத்தையும் இருட்டையும் உணரும். விளக்கடிக்கு வரும் பல்லிகளுக்கு அது கிடையாது. மேலிருந்து வருகிற பருந்துக்கும், மேலிருந்து கையை நீட்டிப் போனைக் கொண்டுபோகிற ஆளுக்கும் இந்தப் பிராணிகளின் கணக்கில் பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. தாழ்ந்து வர வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழாமல் வர வேண்டும்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது

இது பலருக்குத் தோன்றும் கேள்விதான். ஓணான் உட்கார்ந்திருக்கிறது, தலையை ஆட்டுகிறது, ஓடுகிறது. படம் எடுத்தாகிவிட்டது. அப்புறம்?

தலையாட்டலிலிருந்தே தொடங்கலாம். எந்த இனம் எத்தனை முறை, எவ்வளவு வேகத்தில், எந்த இடைவெளி விட்டு ஆட்டுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் கார்ப்பெண்டர் பல இனங்களை ஃபிலிமில் பிடித்து, தலை ஏறி இறங்குவதை நேரத்துக்கு எதிராகக் கோடாக வரைந்தார். கோட்டைப் பார்த்தே இனத்தைச் சொல்லும் அளவுக்கு அவை தனித்தனியாக இருந்தன. அவருக்குத் தேவைப்பட்ட ஃபிலிம் கேமராவும் பொறுமையும் இன்று பாதிக்கு மேல் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லோ மோஷனில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், வெறுமனே தலையாட்டலாகத் தெரிந்தது முன்னங்கால்களை மடக்கி நிமிர்த்தும் தண்டால் என்று தெரியும். ஆண் தன் எல்லையில் தனியாகப் போடும் தண்டாலும், இன்னொரு ஆணைக் கண்டு போடும் தண்டாலும் ஒன்றாக இருக்காது; இரண்டாவதில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தொண்டையை உப்பி, தன்னைப் பெரிதாகக் காட்டும்.

காற்றடிக்கிற நாளில் இதைக் கவனித்துப் பாருங்கள். இலைகளெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறிய தலையாட்டல் எப்படிக் கண்ணில் படும்? போர்ட்டோ ரிக்கோவின் அனோல்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, செடிகள் அதிகம் அசையும்போது அவை தலையாட்டலை வேகப்படுத்துகின்றன என்று காட்டியது. சத்தமான இடத்தில் நாம் குரலை உயர்த்துவது மாதிரி. உங்கள் தோட்டத்து ஓணானும் அப்படிச் செய்கிறதா என்று பார்க்க ஒரு போனும் சில காற்றடிக்கும் மாலைகளும் போதும்.

நிறத்துக்கு வருவோம். தோட்டத்து ஓணானின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தொண்டையும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஓணான் ரத்தம் உறிஞ்சும் என்று கதை கட்டினார்கள், உறிஞ்சுவதில்லை. தோற்ற ஆணிடம் அந்தச் சிவப்பு வேகமாக வடிந்துவிடும். சண்டைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் வேறு வேறு பிராணிகள் என்றே சொல்லத் தோன்றும். படத்தில் நிறம் பார்த்து இனத்தை முடிவு செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிறம் அன்றைய மனநிலையையும் அன்றைய சூட்டையும் சொல்லும். இனத்தைச் சொல்ல வேறு அடையாளங்கள் வேண்டும்.

நிறமே வாழ்க்கைமுறையாக இருக்கும் இனமும் உண்டு. அமெரிக்காவின் மேற்கே உள்ள பக்கப்புள்ளிப் பல்லியின் ஆண்களில் மூன்று தொண்டை நிறம். ஆரஞ்சுத் தொண்டை ஆண் பெரிய எல்லையைப் பிடித்து அடாவடி செய்யும். நீலத் தொண்டை ஆண் சின்ன இடத்தில் தன் துணையைக் காவல் காக்கும். மஞ்சள் தொண்டை ஆண் பெண்ணைப் போல் தோற்றம் காட்டி நைசாக உள்ளே புகுந்துவிடும். ஆரஞ்சு நீலத்தை அடிக்கும், நீலம் மஞ்சளைப் பிடித்துவிடும், மஞ்சள் ஆரஞ்சை ஏமாற்றும். ஒன்று பெருகினால் அதை ஜெயிக்கும் அடுத்தது பெருகும் என்பதால் மூன்றும் மாறி மாறி நிலைத்திருக்கின்றன. பாரி சினெர்வோவும் கர்டிஸ் லைவ்லியும் 1996இல் இதை வெளியிட்டபோது, கல்-காகிதம்-கத்தரி விளையாட்டை இயற்கையில் பார்த்ததாக அறிவியல் உலகமே பேசியது. இந்த முடிவின் அடியில் இருந்தது, ஒவ்வொரு ஆணையும் அடையாளம் வைத்து, எது எங்கே உட்கார்ந்தது, எதைத் துரத்தியது என்று வருடக்கணக்கில் குறித்து வைத்த வேலை.

அரணையிடம் தலையாட்டல் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. அங்கே வால்தான் கதை. அரணை, பல்லி இரண்டின் வாலெலும்புகளிலும் உடைவதற்கென்றே பலவீனமான கோடுகள் இருக்கின்றன. பிடிபட்டால் தசையை இறுக்கி அங்கே உடைத்துவிட்டு ஓடும். துண்டான வால் துடித்துக்கொண்டிருக்கும், எதிரியின் கவனம் அதில் போகும். மறுபடி வால் முளைக்கும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழல்தான் இருக்கும். படத்தில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: ஓர் இடத்தில் திடீரென்று நிறமும் செதில் அடுக்கும் மாறி, மீதி வால் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அது புது வால். இது விளையாட்டுக்காக விட்டுவிடுகிற பொருள் அல்ல; பல இனங்கள் கொழுப்பைச் சேமிப்பதே வாலில்தான். 'வால் போனால் என்ன, முளைக்கும்' என்று பிடித்துப் பார்ப்பவர் அதன் சேமிப்பைப் பறிக்கிறார். ஓணானுக்கு அந்த வசதியும் இல்லை. அதன் வால் அப்படிக் கழன்று விழுவதுமில்லை, போனால் திரும்ப வருவதுமில்லை.

உட்காருகிற உயரம்கூடக் குறித்து வைக்க வேண்டிய செய்திதான். ஃபுளோரிடாவில் சில சின்னத் தீவுகளில் பச்சை அனோல்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்த பழுப்பு அனோல்களை 1995இல் ஆய்வுக்காக அந்தத் தீவுகள் சிலவற்றில் விட்டார்கள். பச்சை அனோல்கள் மரத்தில் மேலே ஏறிவிட்டன. சுமார் 15 வருடம் கழித்து அளந்தபோது, பழுப்பு வந்த தீவுகளில் பச்சை அனோல்களின் கால்விரல் திண்டுகள் பெரிதாகியிருந்தன. வழுக்கும் மெல்லிய உயரக் கிளைகளில் ஒட்டிக்கொள்ள அது உதவும். இருபது தலைமுறைக்குள் நடந்த பரிணாமம். 2014இல் இந்த ஆய்வு வெளியானது. மரத்தில் எத்தனை அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

கேமரா பக்கம்

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றித் தேவைக்கு மேல் எழுதப்பட்டுவிட்டது. போனில் நெருக்கப் படத்துக்கான மேக்ரோ மோட் போட்டதும் பெரும்பாலான போன்கள் அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். பிராணியிடம் சில சென்டிமீட்டர் தூரத்துக்குப் போகச் சொல்லும். அந்தத் தூரத்தில் ஓணான் இருக்காது. இருந்தாலும் மூக்கு பெரிதாகி உடம்பு சுருங்கிய படம்தான் வரும். அதைவிட 2 மடங்கோ 3 மடங்கோ உள்ள டெலி லென்ஸில், கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பது நல்லது. கேமராவில் என்றால் சுமார் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் அரணைக்கும் பல்லிக்கும் பொருந்தும். வாலோடு ஓரடியைத் தாண்டும் ஓணானுக்கு, ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் ஆகிற 300 மி.மீ. ஜூமே போதும். இரண்டு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகிற பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் படம் எடுக்காத நேரத்திலும் பொழுது போகும். சொல்லப்போனால், என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

கண் ஃபோகஸில் இருக்க வேண்டும், கேமரா அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்ற குறைகள் மன்னிக்கப்படும். நின்றபடி கீழே பார்த்து எடுத்த படத்தில் ஓணான் தரையில் ஒட்டிய கறையாகத்தான் இருக்கும். முழு உடம்பும் தெளிவாக வேண்டுமானால் உடம்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, லென்ஸின் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கி வைக்கலாம். முகம் மட்டும் போதும் என்றால் துளையைத் திறந்தே வைக்கலாம். தலையாட்டலை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது.

அரணைதான் சோதிக்கும். அதன் செதில்கள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். நேர் வெயிலில் முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், நிறம் எதுவும் பதிவாகாது. பொலரைசர் ஃபில்டர் போட்டுச் சுழற்றினால் அந்த மினுக்கம் கணிசமாக அடங்கும். ஃபில்டர் இல்லாவிட்டால் மெல்லிய மேகம் மூடும் நேரம் வரை பொறுத்திருக்கலாம். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுப்பதும் உதவும்.

எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் ஓணான் பார்க்கிற ஓணானை நாம் எடுக்க முடியாது. பகலில் நடமாடும் பல்லியினங்களின் கண்ணுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். சில அனோல்களின் தொண்டைத் தோல் அந்த ஒளியைப் பிரதிபலிக்கிறது. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் அதை வடிகட்டிவிடுகிறார்கள். நமக்கு மங்கலாகத் தெரிகிற ஒரு தொண்டை எதிரே நிற்கும் பெண்ணுக்குப் பளிச்சென்று இருக்கக்கூடும்.

இரவுப் பல்லிக்கு வேறு நியாயம். 2004இல் லீனா ரோத், ஆல்முட் கெல்பர் இருவரும் ஓர் இரவுப் பல்லியினத்தைச் சோதித்து, மனிதருக்கு நிறம் தெரியாமல் போகும் மங்கலான நிலா வெளிச்சத்திலும் அது நிறங்களைப் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். மனிதரின் நிறப்பார்வை எல்லையோடு ஒப்பிட்டால் அந்தக் கண்ணின் ஒளி உணர்திறன் சுமார் 350 மடங்கு. அவ்வளவு திறந்திருக்கும் கண்ணுக்கு முன்னால் டார்ச்சை நேராக அடிப்பதும் ஃபிளாஷை அடுத்தடுத்துப் போடுவதும் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். விளக்குக்கு வருகிற பல்லியை அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி எடுப்பதே மேல். வெளிச்சத்தில் அதன் கண்பாவை நெட்டுக்குத்தாகச் சுருங்கி, ஓரம் வளைந்து வளைந்து, பல இனங்களில் வரிசையாக நான்கு ஊசித்துளைகள் மட்டும் மிஞ்சும். இமை கிடையாது, கண்ணாடிபோல் ஒரு படலம்தான். தூசி பட்டால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். அந்தக் கணத்தைப் பிடிக்க, அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் மோட்.

ஜன்னல் கண்ணாடியில் பல்லி ஏறினால் விடாதீர்கள். மறுபக்கம் போய் அதன் விரல்களின் அடியை எடுங்கள். குறுக்காக அடுக்கிய மடிப்புகள் தெரியும். ஒவ்வொரு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் நுண்ணிய முடிகள். 2000இல் கெல்லர் ஆட்டமும் சகாக்களும் ஒற்றை முடியின் ஒட்டுவிசையை அளந்தார்கள். பசையோ உறிஞ்சலோ இல்லாமல், மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசையே பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு 2002இல் சான்று வந்தது. மடிப்புகளின் எண்ணிக்கை, அவை நடுவில் பிரிந்திருக்கின்றனவா என்பதெல்லாம் இனத்தை அறியும் அடையாளங்கள். பிடித்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியதைக் கண்ணாடி சும்மாவே காட்டிவிடுகிறது.

கிதார் மாதிரி இலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பல்லி, இரண்டு காலில் நின்று குடை பிடிக்கும் ஓணான் என்றெல்லாம் படங்கள் சுற்றுகின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. பல்லி இலையைக் கையில் பிடித்து உட்காராது. பிடித்து வைத்தோ, நூலால் கட்டியோ, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்தோ படம் எடுப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன சூட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்குக் கடைசி வேலை எவ்வளவு கொடூரம் என்று விளக்க வேண்டியதில்லை; குளிர்ந்த பல்லி சாதுவாக இல்லை, ஓட முடியாமல் இருக்கிறது. இரவில் கிளை நுனியில் தூங்கும் ஓணானை ஓரிரண்டு படம் எடுத்துவிட்டு விளக்கை அணைப்பது அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், விழித்துக்கொண்டு இருட்டில் கீழே குதித்தால் அது அன்றிரவு எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது.

படத்தோடு என்ன வேண்டும்

அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. இனம் தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் முழு உடம்பு, மேலிருந்து முதுகு, தலையின் பக்கவாட்டு நெருக்கம் என்று குறைந்தது மூன்று கோணம் தேவை. ஓணானில் காதுச் சவ்வுக்கு மேலே முள் எத்தனை, விலாச் செதில்களின் நுனி மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பார்ப்பார்கள். அரணையில் முதுகுச் செதிலின் வரிமேடுகள், கீழ் இமை ஒளி புகுகிறதா என்பது. இவை மங்கலாக வந்தாலும் பரவாயில்லை, வந்தாக வேண்டும்.

இடமும் தேதியும் அதைவிட முக்கியம். ஆசியாவின் பெரும்பகுதியில் காணப்படும் தோட்டத்து ஓணானுக்கு 1802இல் ஃபிரான்சுவா மரி தோதென் பெயர் வைத்தார். இருநூறு வருடத்துக்கு மேலாக அது ஒரே இனமாகவே எண்ணப்பட்டது. 2021இல் வந்த மரபணு ஆய்வு தெற்காசியாவில் மட்டும் அதைப் பல இனங்களாகப் பிரித்தது. பழைய பெயர் தென்னிந்தியப் பகுதி ஓணானுக்கு நின்றது. மற்றவை வேறு பெயருக்குப் போயின. இடம் குறித்த பழைய படங்களைப் புதுப் பெயரின்கீழ் மாற்றிக்கொள்ள முடிந்தது. இடம் குறிக்காதவை எந்தப் பெயரிலும் சேராமல் நிற்கின்றன.

ஆனால் அந்த இடக்குறிப்பை எல்லோரும் பார்க்கும்படி வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீனாவின் தென்பகுதியில் 1999இல் விவரிக்கப்பட்ட கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப் பல்லி, செல்லப்பிராணிச் சந்தைக்குப் பிடிக்கப்பட்டே, முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடத்திலிருந்து அற்றுப்போனது. அதை விவரித்த ஆய்வுக் கட்டுரையில் இருந்த முகவரியே வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியது. உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் இனங்களின் துல்லிய இடத்தைத் தாமாகவே மறைத்துவிடும். சாதாரணத் தோட்டத்து இனங்களுக்கு அப்படிச் செய்யாது. அங்கே மறைக்க வேண்டியது உங்கள் வீட்டு முகவரியை. பதிவேற்றும் பக்கத்திலேயே இடத்தை மங்கலாக்கும் தேர்வு இருக்கிறது. ஊர் தெரிந்தால் ஆய்வாளருக்குப் போதும். போனில் எடுத்த படத்தை வேறெங்காவது அனுப்பும்போது, அதற்குள் ஜிபிஎஸ் புள்ளி ஒட்டிக்கொண்டு போகிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.